சாட்டினில் ஊசித் தடங்கள்

பெரிய விழாவுக்கு உடுத்துகிற பெண்கள் செய்யும் முதல் தவறு, ஆடையிலிருந்து தொடங்குவது. செருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். குதிகால் எவ்வளவு உயரம் என்று தெரியாமல் கீழ்விளிம்பை மடித்துத் தைத்தால் ஒன்று கவுன் தரையைப் பெருக்கும், இல்லையென்றால் கணுக்கால் தெரியக் குட்டையாகத் தொங்கும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே செருப்பைத்தான். துணியைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். போய்ச் செருப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது, மேடம். இந்த மேசைமேல் விரித்து வைத்திருக்கிற கவுனைப் பற்றித்தானே கேட்டீர்கள். உட்புறத்தில், இரண்டு பக்கத் தையலுக்கும் அருகே, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள் ஓடுகின்றனவே, அவை என்ன என்று. பதினொரு வரிசை என்று எண்ணியிருக்கிறீர்கள். சரிதான். சொல்கிறேன். நேற்று இந்த ஸ்டேஷனில் பாதிதான் சொன்னேன், ஆனால் எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் முறையாகச் சொன்னால்தான் புரியும். தையல் தெரியாதவர்களிடம் அவசரப்பட்டுச் சொன்னால் நான் ஏதோ ஈவிரக்கம் இல்லாதவள் என்று தோன்றிவிடும்.

நான் விழா உடைகள் மட்டும்தான் தைக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. ஓர் ஆளுயரக் கண்ணாடி, இரண்டு மெஷின், ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி. பின்னால் இருக்கிற இரண்டு அறைகளில் நானும் தங்கையும். அம்மா போனபோது அவளுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டார். நான் படிப்பை நிறுத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்குப் படிப்பு அப்படியொன்றும் ஏறவும் இல்லை. அவளைப் படிக்க வைத்தேன், தலை வாரிவிட்டேன், காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே கிடந்தேன். குட்டி, குட்டி என்றுதான் கூப்பிடுவேன். வளர்ந்து, லிப்ட் கம்பெனியில் சோதனைப் பொறியாளராகி, பாதுகாப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிய பிறகும் அவள் எனக்குக் குட்டிதான்.

அவளுடைய துணிகள் அத்தனையும் நான் தைத்தவை. கடையில் வாங்கிய ஒரு கால்சட்டைகூட அவளிடம் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மெஷின் முன்னால் நின்றாள்.

“அக்கா, எனக்கே குடுத்துட்டாங்க.”

“எதைடி?”

“வெளிநாட்டுக் கிளையை. நான்தான் அங்க ஹெட். வருஷாந்தர விருந்துல சேர்மன் அறிவிக்கப் போறாராம். மேடையேறிப் பேசணும்.”

“எப்பக் கிளம்பணும்?”

“விருந்து முடிஞ்ச அடுத்த மாசம்.”

நல்லது என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் சொன்னேன். அழைப்பிதழில் பெண்கள் நீளக் கவுனில் வர வேண்டும் என்று போட்டிருந்தது. முதலில் செருப்பு வாங்கு என்றேன். சிரித்தாள். என்னுடைய பழக்கம் அவளுக்குத் தெரியும்.

பாட்டில் பச்சையில் சாட்டின் எடுத்தேன். மேடை விளக்கில் வெளிர் நிறம் வெளுத்துப்போகும், கறுப்பு ஆளையே விழுங்கிவிடும். ஆழ்ந்த பச்சை முகத்தைத் தூக்கிக் காட்டும். முதுகில் ஜிப் வைக்காமல் கொக்கிகள் வைத்தேன். ஜிப் மேடையில் காலை வாரிவிடும், கொக்கி வாராது. ஒரே ஒரு சங்கடம், கொக்கியைத் தானே போட்டுக்கொள்ள முடியாது, பின்னால் ஓர் ஆள் வேண்டும். ஆள்தான் இருக்கிறேனே.

முதல் தடவை போட்டுப் பார்த்தபோது கவுன் அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. பெட்டிமேல் நின்று, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து, எழுந்து பார்த்தாள். விழா உடையை நின்றபடி மட்டும் பார்க்கக் கூடாது, உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். பாதி விழா உட்கார்ந்துதான் கழியும். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. அதற்குமேல் ஒரு தையல்கூடத் தேவைப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலில் என்னை யாரும் குறை சொல்லக் கூடாது.

அவள் அடுத்த நாள் வேலைக்குப் போன பிறகு, கவுனைப் புரட்டிப் போட்டு இரண்டு பக்கத் தையலையும் பிரித்தேன். பக்கத்துக்கு இரண்டு நூல் உள்ளே பிடித்துத் தைத்தேன். நூல் என்பது எங்கள் கணக்கில் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. பார்த்தால் தெரியாது. உடம்புக்குத் தெரியும். பருத்தித் துணியாக இருந்தால் பழைய ஊசித் துளைகள் ஒரு தண்ணீர் பட்டதும் மூடிக்கொள்ளும். சாட்டினில் மூடாது. ஊசி ஒருமுறை போன இடம் போனதுதான். அதுதான் உங்கள் முதல் வரிசை.

அடுத்த தடவை போட்டபோது நடுக்கொக்கி எட்டவில்லை.

“என்னக்கா, போன வாரம் சரியா இருந்துச்சே.”

“துணி மாறலடி. நீதான் ஒரு சுத்து பெருத்திருக்கே.”

“அதெப்படி? எப்பவும் சாப்பிடறதுதானே சாப்பிடறேன்.”

“வயசாகுதுல்ல.”

அவள் நம்பவில்லை. அவள் வேலை அப்படி. ஒரு கம்பி இத்தனை தடிமன் என்று எந்தப் பெரிய மனிதர் சொன்னாலும் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். டேப்பை எடு என்றாள். கேட்பாள் என்று எனக்குத் தெரியும், வளர்த்தவள் இல்லையா. என் டேப்பின் தலைப்பில் ஓர் இஞ்சை வெட்டி, தகரப் பூணை மறுபடி மாட்டி வைத்திருந்தேன். தலைப்பில் ஓர் இஞ்சு குறைந்தால் இடுப்பில் ஓர் இஞ்சு கூடிக் காட்டும். எல்லோரும் முடிகிற இடத்து எண்ணைத்தான் பார்ப்பார்கள், தொடங்குகிற இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தாள், பெட்டியிலிருந்து இறங்கினாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேளாவேளைக்குத் தட்டு வைத்தேன். அவள் ஒதுக்கியதும் எடுத்தேன். அவ்வளவுதான். வற்புறுத்தி ஊட்ட அவள் என்ன குழந்தையா.

அவள் இளைக்க இளைக்க நான் பிடித்துத் தைத்தேன். கவுனை மட்டும் என்றால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும், அலுவலக உடைகள் தளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கால்சட்டைகளையும் சட்டைகளையும் கூடவே பிடித்து வந்தேன். துவைத்து மடித்து அலமாரியில் வைப்பது நான்தானே. காலையில் அவள் அவசரமாக மாட்டும்போது எல்லாம் இறுக்கமாகவே இருக்கும். குளியலறையில் இருந்த எடை பார்க்கும் கருவி பழுதாகிவிட்டது என்று எடுத்துப் போட்டேன். வேலை அதிகம்தான். ஒரு திருமணத்துக்கு வரும் கூட்டம் முழுவதற்கும் தைத்துவிடலாம், அவ்வளவு உழைப்பு. ஆனால் கண்ணும் கருத்துமாகச் செய்தேன்.

கண்ணாடி இருக்கிறதே, அதில் தெரியாதா என்று உங்களுக்குத் தோன்றும். இத்தனை வருடம் கண்ணாடி முன்னால் பெண்களை நிறுத்தியவள் சொல்கிறேன், அவர்கள் தங்களைப் பார்ப்பதே இல்லை. நாம் விரல் வைக்கிற இடத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் பின்னால் நின்று இடுப்பில் விரல் வைப்பேன். அவள் இடுப்பைப் பார்ப்பாள். கன்னம் ஒட்டியதை நான் காட்டவில்லை, அவள் பார்க்கவில்லை.

பெட்டிமேல் நிற்கும்போது ஒருநாள் தள்ளாடினாள். குதிகால் பழகவில்லை, வீட்டில் போட்டு நடந்து பழகு என்றேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. கொண்டையை உயரமாகப் போட்டால் அடர்த்தி தெரியாது என்று முடிவு செய்தேன். கழுத்தெலும்பு குச்சிபோல நின்றது. மேடை விளக்கில் அது நிழல் போடும், அதனால் கழுத்தை ஏற்றித் தைத்தேன். பிறகு கைகளில் பூனைமுடிபோல மெல்லிய ரோமம் முளைத்தது. உடம்புக்குக் குளிர் தாங்காதபோது அப்படி வருமாம், மருத்துவமனையில் சொன்னார்கள். எனக்கு அப்போது காரணம் தெரியாது. முழுக்கை வைத்துவிட்டேன். ஒரு நல்ல தையல்காரி உடம்பின் குறையை மறைத்து நிறையைக் காட்ட வேண்டும்.

அவள் கைப்பையில் ஒருமுறை மாத்திரை அட்டை பார்த்தேன். உடம்பில் உள்ள நீரை இறக்கிவிடுகிற மாத்திரை. நான் வாங்கித் தரவில்லை. அவளாகவே எங்கேயோ வாங்கியிருக்கிறாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்தவர் பையில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிடிக்காது.

அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அவள்தான். நல்ல கொழுகொழு என்று இருப்பாள், குரலும் அப்படியே. குட்டி உள்ளே போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, இவ ஆபீஸ்ல ஒண்ணுமே சாப்பிடறதில்ல. படி ஏறினா சுவத்தைப் பிடிச்சுக்கறா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கக்கா.”

“கவுனுக்காகக் கொஞ்ச நாள் வாயைக் கட்டியிருக்கா. நீயும் கட்டிப் பாரேன், ஒண்ணும் குறைஞ்சு போகமாட்டே.”

அந்தப் பெண் முகம் சிவந்துபோய் நின்றாள். நான் ஊசியில் நூல் கோக்கத் திரும்பிக்கொண்டேன். அவள் போன பிறகு குட்டி வந்து கேட்டாள்.

“அவ சொல்றது நிஜமாக்கா? ரொம்ப இளைச்சுட்டேனா?”

“அவளும் அந்த வேலைக்கு மனு போட்டவதானே?”

“ஆமா.”

“அப்ப நீ மேடையில பூசணிக்கா மாதிரி போய் நின்னா யாருக்குச் சந்தோஷம்?”

அவள் யோசித்தாள். தோழியைச் சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை, ஆனால் என்னைச் சந்தேகப்படவும் அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைக்கவில்லை.

விருந்து நெருங்கியபோது ஒருநாள், எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, கொக்கி எட்டாமல் போனதும் அவள் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, விட்டுடேன். கடையில பெரிசா ஒண்ணு வாங்கிக்கலாம். யாரு பாக்கப் போறா?”

நியாயமான யோசனைதான். எந்தக் கடையிலும் அவளுக்கு ஏற்றது உடனே கிடைத்திருக்கும். சிறுமிகளுக்கான பகுதியில். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டேன். தோள் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

“மேடை ஏற இஷ்டமில்லன்னா வேண்டாம்னு சொல்லிடு குட்டி. உடம்பு சரியில்லன்னு லீவு போடு. அந்தக் கிளைக்கு வேற ஆள் போகட்டும். வீட்டுல இரு. நான் இருக்கேன்ல.”

அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது, மேடம். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே விட்டிருப்பார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இல்லக்கா, போட்டே தீருவேன் என்றாள். சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம்தான் அவளைக் கொன்றது என்று நான் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

விருந்தன்று மாலை நான்தான் உடுத்திவிட்டேன். முதலில் செருப்பு, பிறகு கவுன், நகை கடைசியில். நகை எப்போதும் கடைசியில்தான், இல்லையென்றால் துணியில் மாட்டி இழுக்கும். கொக்கிகள் எல்லாம் எட்டின. கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். “போட்டுட்டேன்க்கா, பாத்தியா,” என்றாள். அவள் இதயம் அடிப்பது கவுனையும் தாண்டி என் மேல் பட்டது, ஒழுங்கில்லாமல், நின்று நின்று.

துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று அழைப்பிதழில் இருந்ததால் என்னையும் கூட்டிப்போனாள். சேர்மன் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். படியேறினாள், பேசினாள், நன்றாகவே பேசினாள். தன் அக்காவுக்கு நன்றி என்று சொல்லி என் பக்கம் கை காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கும்போது கடைசிப் படியில் விழுந்தாள். கவுன் தடுக்கிவிட்டது என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். தடுக்கவில்லை. கீழ்விளிம்பு சரியான உயரத்தில் இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்சில் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினார்கள். பின்னால் கொக்கி இருக்கிறது என்று சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. உடம்பில் உப்புச்சத்து அடியோடு இறங்கி இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். எத்தனை நாளாக இவர் பட்டினி என்று கேட்டார். தட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். விருந்திலிருந்து எங்களோடு வந்திருந்த அந்தத் தோழி அழுதுகொண்டே வெட்டிய கவுனை எடுத்து மடித்தாள். மடிக்கும்போது உட்புறம் அவள் கையில் பட்டிருக்கிறது. அப்படித்தான் இது உங்கள் மேசைக்கு வந்தது.

இனி ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். தனியாக விட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில் செய்தேன் என்று நேற்று சொன்னேன். உங்களோடு இருக்கிற அந்த வயதான அதிகாரி, அதைக் கேட்டதும் அவளுடைய போனை என்னிடம் நீட்டினார். அவள் போகவிருந்த வெளிநாட்டு ஊரில் பிடித்து வைத்திருந்த வீட்டின் படங்கள். இரண்டு படுக்கையறை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களுக்கும் சேர்த்துத்தாம்மா பாத்திருக்கா. தெரியாமப் பண்ணிட்டீங்களே,” என்றார். நல்ல மனிதர். அவர் மனம் நோக வேண்டாம் என்று அப்போது பேசாமல் இருந்தேன்.

எனக்குத் தெரியும், மேடம். குட்டி சொல்லியிருந்தாள். அந்தப் படங்களை எனக்குக் காட்டியும் இருந்தாள். இரண்டாவது தடவை பிடித்துத் தைத்திருந்த சமயம், அப்போதெல்லாம் அவள் கன்னம்கூட வற்றவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் என் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு போனை நீட்டினாள்.

“நீயும் வர்றேக்கா. ஆபீஸ்ல பேசிட்டேன். இந்த ரூம் உனக்கு, நல்லா வெளிச்சம் வருது பாரு. மெஷினை அந்த ஜன்னல்கிட்டப் போட்டுக்கலாம். தோணினாத் தை, இல்லன்னா சும்மா இரு. இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம். நான் பாத்துக்கறேன்.”

எங்கள் வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதுவரை சொல்லிவந்தவள் நான். அதை அவள் எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன், தலையைக் கோதிவிட்டேன். சரிடி, வர்றேன் என்றேன். பிறகு அவள் குளிக்கப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கவுனைப் புரட்டிப் போட்டு, மூன்றாவது வரிசையைத் தைத்தேன்.